கருவியைத் தனதாக்கல்
உரைத்தொகுப்பியும் லேடெக் ஆவணமும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதப்பட்ட நூல்களைப் பற்றியும் எழுதிய ஆசிரியர்களைப் பற்றியும் நிறையக் கூறியுள்ளனர். எழுதுங் கருவியைப் பற்றி அவர்கள் கூறியது மிகக் குறைவாகும். ஆயினும் கருவியானது எழுத்தின் வடிவத்தையே பாதிக்க வல்லது என்பதைத் தமிழர் நன்கு அறிவர். ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சத்தினால் எழுத்தாணி பிடித்தோர் மெய்யெழுத்துக்குரிய புள்ளியை இடாது விட்டனர். அதனால் ஏடுகளைப் படிப்பதில் எழுந்த இடர்ப்பாடுகள் பதிப்புத்துறையில் ஈடுபட்டோர் யாவருக்கும் தெரிந்தவை.

இன்று பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் ஒருவரின் கருவி கணனியாகும். அதிலும் கணிதம், பௌதிகம், பொருளியல், மொழியியல் முதலான துறைகளில் எழுதுவோர் பலர் லேடெக் எனப்படும் அச்சமைப்பு முறையைக் கையாளுகின்றனர். இம்முறையில் எழுதுபவர் பக்கத்தின் தோற்றத்தை நேரடியாக வரைவதில்லை. சாதாரண எழுத்துகளாலான ஒரு கோப்பில், இது தலைப்பு, இது தேற்றம், இது அடிக்குறிப்பு என்று கட்டளைகளால் குறித்துச் செல்கிறார். அக்கோப்பைச் செய்நிரல் ஒன்று வாசித்து அச்சுக்குரிய பக்கங்களாக அமைத்துத் தருகிறது. ஆகவே எழுதுபவரின் கை உண்மையில் ஊன்றியிருப்பது லேடெக்கின் மீதன்று. அக்கோப்பை எழுதவும் திருத்தவும் உதவும் உரைத்தொகுப்பியின் மீதேயாகும்.

இவ்வுரைத்தொகுப்பியை எழுதுபவர் தமது தேவைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பது இன்று வெகு இயல்பான ஒன்றாகத் தோன்றுகின்றது. ஆனால் அது இயல்பாக வந்ததன்று. குறிப்பிட்ட சில சூழ்நிலைகளிற் பிறந்து, ஒரு கட்டத்திற் பறிபோகும் நிலையையும் அடைந்து, மீண்டும் நிலைநாட்டப்பட்ட ஓர் உரிமை அது. அவ்வுரிமையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அது தமிழில் எழுதுவோருக்கு எவ்வகையிற் பொருளுடையது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈய அச்சிலிருந்து எண்களுக்கு

லேடெக்கின் அடித்தளமாக அமைந்தது டெக் என்னும் செய்நிரலாகும். அதனை ஆக்கியவர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத். கணனிச் செய்நிரலாக்கக் கலை பற்றிய அவரது பெருநூலின் முதல் மூன்று தொகுதிகளும் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவை உருக்கிய ஈயத்தில் எழுத்து வார்க்கும் மொனோடைப் முறையில், கைதேர்ந்த அச்சுக்கோப்பாளரால் அமைக்கப்பட்டவை. கணிதக் குறியீடுகள் செறிந்த பக்கங்களை இவ்வாறு கோத்தல் மிகுந்த பயிற்சியை வேண்டிநின்ற தொழிலாகும்.

1970களின் நடுப்பகுதியில் ஈய அச்சு செலவு மிகுந்ததெனக் கைவிடப்பட்டு, ஒளியச்சுக்கோப்பு முறை அதனிடத்தைப் பெற்றது. இரண்டாந் தொகுதியின் புதிய பதிப்புக்கான சரவைத்தாள்கள் 1977 மார்ச் 30 அன்று குனூத்தின் கைக்கு வந்தன. எழுத்துகளின் வடிவமும் அவற்றுக்கிடையிலான இடைவெளியும் அவருக்குப் பெரும் ஏமாற்றத்தை அளித்தன. அதற்குச் சில வாரங்களின் முன்னரே, முற்றிலும் எண்முறையில் அமைக்கப்பட்ட நூலொன்றின் சரவையை அவர் கண்டிருந்தார். எழுத்தென்பது புள்ளிகள் உள்ள இடமும் இல்லாத இடமும் மாத்திரமே என்றால், அது கணனியியலாளன் தானே தீர்க்கக்கூடிய பிரச்சினை என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் டெக் செய்நிரலுக்கான திட்டக்குறிப்பை எழுதினார். அவருடைய மாணவர்களான மைக்கல் பிளாஸ், பிராங் லியாங் ஆகியோர் அதன் முதல் வடிவத்தை ஆக்க உதவினர்.

ஓராண்டு விடுமுறைக்குள் முடிந்துவிடும் என எதிர்பார்க்கப்பட்ட இப்பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. 1982இல் டெக் முழுமையாக மீள எழுதப்பட்டது. 1990இல் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது இனிமேற் புதிய வசதிகள் எவையும் சேர்க்கப்படமாட்டா என குனூத் அறிவித்தார். பிழைதிருத்தம் மாத்திரமே அனுமதிக்கப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பதிப்பெண் பை என்னும் கணித மாறிலியை மேலும் ஓர் இலக்கத்தால் நெருங்கும். 2021இல் வெளிவந்த பதிப்பின் எண் 3.141592653 ஆகும்.

இங்கு ஒன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அச்சமைக்கும் செய்நிரல் மாறாது நிலைத்திருக்க வேண்டும் என்பதில் குனூத் உறுதியாக இருந்தார். பல்லாண்டுகளின் பின்னரும் அதே கோப்பு அதே பக்கங்களைத் தரவேண்டும் என்பதே அதன் காரணம். ஆனால் அக்கோப்பை எழுதும் கருவி பற்றி அவர் எவ்விதக் கட்டுப்பாட்டையும் விதிக்கவில்லை. கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனதாகையால், எந்தத் தொகுப்பியைக் கொண்டும் அதனை எழுதலாம். மாறாத அச்சமைப்பு ஒருபுறம், எழுதுபவரின் விருப்பப்படி எல்லையின்றி மாறக்கூடிய கைக்கருவி மறுபுறம். இரண்டுக்கும் இடையே எளிமையான ஓர் உரைக்கோப்பு. லேடெக் எழுதுவோரிடையே தொகுப்பியைத் தகவமைக்கும் மரபு இத்துணை வளர்ந்தமைக்கு இவ்வமைப்பே அடிப்படையாகும்.

இரு மரபுகள்

குனூத் சரவைத்தாளைக் கண்டு வருந்துவதற்கு ஓராண்டின் முன்னரே, ஐக்கிய அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருவகை உரைத்தொகுப்பிகள் தோன்றியிருந்தன.

கிழக்குக் கரையில், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் டெக்கோ என்னும் தொகுப்பி 1960களின் முற்பகுதியிலிருந்து வழக்கில் இருந்தது. டெக் என்பதனோடு பெயரொலியில் ஒத்தாலும் இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டெக்கோவில் எழுதுபவர் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுத்த பின்னரே உரையில் நேர்ந்த மாற்றத்தைக் காணமுடியும். விசையை அழுத்தியவுடன் திரையில் மாற்றத்தைக் காட்டும் முறையொன்றைக் கார்ல் மிக்கல்சன் என்பவர் பின்னர் அதிற் சேர்த்தார். அதனை மேலும் செப்பனிட்ட றிச்சாட் ஸ்ரோல்மன், எந்த விசைக்கும் பயன்படுத்துவோர் தாமே எழுதிய கட்டளைத் தொகுதி ஒன்றை இணைத்துக்கொள்ளலாம் என்ற வசதியை ஏற்படுத்தினார். இக்கட்டளைத் தொகுதியே மக்ரோ எனப்பட்டது.

விளைவு விசித்திரமானது. ஆய்வுகூடத்தில் இருந்த பலரும் தத்தமக்கு விருப்பமான மக்ரோக்களை எழுதிக்கொண்டனர். சில காலத்துக்குள் ஒருவரின் தொகுப்பியை மற்றொருவர் கையாளமுடியாத நிலை உருவாயிற்று. ஒரே விசை ஒருவருக்குச் சொல்லை அழித்தது, மற்றவருக்கு வரியைத் தாண்டியது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் நோக்குடன் கை ஸ்ரீல் என்பவர் 1976இல் வெவ்வேறு மக்ரோத் தொகுதிகளையும் ஒப்பிட்டுப் பொதுவான ஒரு தொகுதியை வகுக்கத் தொடங்கினார். ஸ்ரோல்மன் அதனைப் பொறுப்பேற்று நிறைவேற்றினார். அவ்வாண்டின் இறுதியளவில் ஈமாக்ஸ் பிறந்தது. தொகுத்தற்குரிய மக்ரோக்கள் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். ஆகவே ஈமாக்ஸ் தனிமனித விருப்பங்களின் பெருக்கத்திலிருந்து பிறந்த பொதுமை எனலாம்.

மேற்குக் கரையில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்த பில் ஜோய், அதே காலப்பகுதியில் வீஐ எனப்படும் தொகுப்பியை ஆக்கினார். அதன் அமைப்பை நிர்ணயித்தவை அவருக்குக் கிடைத்த பொருள்சார் நிலைமைகளே. அவர் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணனியோடு தொடர்புகொண்டார். அத்தொடர்பின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட ஒரு திரையை முழுமையாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். எனவே இயன்றவரை குறைந்த விசைகளால் இயன்றவரை அதிகமான வேலையைச் செய்தல் இன்றியமையாததாயிற்று. எழுதும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு எனப் பிரித்து, கட்டளை நிலையில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு வினையைக் குறிக்குமாறு அவர் வகுத்தார். அவர் பயன்படுத்திய முனையத்தின் விசைப்பலகையில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இன்றி நான்கு எழுத்து விசைகளின் மீது பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் இம்மரபைச் சேர்ந்த தொகுப்பிகளில் அந்நான்கு எழுத்துகளே திரையில் நகர்வதற்குப் பயன்படுகின்றன. முனையம் மறைந்துவிட்டது, அதன் சுவடு உலகெங்கும் எழுதுவோரின் விரல்களில் எஞ்சியிருக்கிறது.

பொதுவுடைமையும் விற்பனைப் பண்டமும்

ஈமாக்ஸ் பற்றி ஸ்ரோல்மன் எழுதிய ஆய்வுரை 1981இல் வெளியிடப்பட்டது. அதன் தலைப்பிலேயே, விரிவாக்கத்தக்கது, தகவமைக்கத்தக்கது, தன்னைத் தானே விளக்கவல்லது என்ற மூன்று பண்புகளும் இடம்பெற்றன. தகவமைத்தல் என்பது இருக்கும் கட்டளைகளைச் சிறிது மாற்றிக்கொள்ளல். விரிவாக்கல் என்பது முன் இல்லாத கட்டளையைப் புதிதாக ஆக்கிக்கொள்ளல். எழுதுபவர் கருவியின் பயனாளர் என்ற நிலையிலிருந்து அதன் இணை ஆசிரியர் என்ற நிலைக்கு உயர்வதற்கு இவை இரு படிகளாகும்.

ஈமாக்ஸைப் பெற்றுக்கொண்டோர் பணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் தாம் செய்த திருத்தங்களை மீண்டும் பொதுவில் ஒப்படைக்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டனர். கிராமத்துப் பொதுக்கிணற்றை ஊரவர் சேர்ந்து தூர்வாருவதை ஒத்த ஓர் ஏற்பாடு இது.

இதன் சமூகப் பயனை உணர்த்தும் நிகழ்வொன்றை ஸ்ரோல்மன் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1978இல் பேர்னாட் கிரீன்பேர்க் என்பவர் மல்ரிக்ஸ் என்னும் கணனி முறைமைக்காக ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அவருடைய அலுவலகத்தில் தட்டச்சுப் பணி புரிந்த செயலாளர்களும் அதனைக் கையாண்டனர். தொகுப்பியில் புதிய கட்டளைகளை ஆக்கும் முறை அவர்களுக்கு வழங்கப்பட்ட கைந்நூலில் விளக்கப்பட்டிருந்தது. ஆனால் அது செய்நிரலாக்கம் என அந்நூல் எங்கும் கூறவில்லை. தம்மாற் செய்நிரல் எழுத இயலாது என நம்பியிருந்த அவர்கள், தாம் செய்வது அதுவே என அறியாமல் அதனைச் செய்துவந்தனர். ஒரு தொழிலின் கடினத்தைக் காட்டிலும் அத்தொழிலின் பெயரைச் சூழ்ந்த அச்சமே பலரை வெளியே நிறுத்துகின்றது என்ற உண்மையை இந்நிகழ்வு புலப்படுத்துகின்றது. கலைப்பீட மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இப்பொதுமை நீடிக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் றீட் என்பவர் ஸ்கிரைப் என்னும் ஆவண அமைப்பு முறையை ஆக்கியிருந்தார். ஆவணத்தின் உள்ளமைப்பை அதன் வெளித்தோற்றத்திலிருந்து பிரித்து நோக்கிய முன்னோடி முயற்சி அது. ஆனால் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. குறித்த காலத்தின் பின் செயலிழந்துவிடும் பொறியும் அதனுள் வைக்கப்பட்டது. ஜேம்ஸ் கொஸ்லிங் 1981இல் யுனிக்ஸ் முறைமைக்காக எழுதிய ஈமாக்ஸும் தொடக்கத்தில் தடையின்றி வழங்கப்பட்டுப் பின்னர் வணிக நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. நேற்றுவரை அயலவரோடு பகிர்ந்த கருவியை இன்று பகிர்தல் குற்றமாயிற்று.

ஸ்ரோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, 1984இல் தமது நிறுவகப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்ட குனூ ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்தது. கொஸ்லிங்கின் செய்நிரலிலிருந்து தொடக்கத்தில் எடுத்தாளப்பட்ட பகுதிகள், உரிமைப் பிரச்சினை எழுந்ததும் நீக்கப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டன. காந்தநாடாவிற் பெற விரும்பியோர் 150 டொலர் செலுத்தினர். பெற்றபின் எத்தனை படிகளும் எடுத்து எவருக்கும் கொடுக்கலாம். திருத்தும் உரிமையும் பகிரும் உரிமையும் பெறுபவர் ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து செல்ல வேண்டும் என்ற விதி சட்ட வடிவம் பெற்றது இக்காலத்திலேயாகும். தொகுப்பியைத் தகவமைத்தல் வெறும் வசதிப் பிரச்சினையன்று, அது உடைமை உறவுகள் பற்றிய பிரச்சினையுமாகும் என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது. உள்ளே திறந்து பார்க்க முடியாத கருவியை எவரும் முழுமையாகத் தனதாக்கிக்கொள்ள முடியாது.

லேடெக்கும் டேனிய எழுத்துகளும்

1980களின் முற்பகுதியில் லெஸ்லி லம்போட் என்னும் கணனியியலாளர் தாம் எழுத எண்ணியிருந்த நூலொன்றுக்காக டெக்கின் மீது மக்ரோக்களை எழுதத் தொடங்கினார். அந்நூல் எழுதப்படவில்லை, மக்ரோக்கள் லேடெக் ஆயின. அதற்கான கைந்நூல் 1986இல் அச்சாயிற்று. எழுதுபவர் பொருளின் அமைப்பைச் சிந்திக்க வேண்டுமேயன்றி எழுத்தின் பருமனையும் இடைவெளியையும் பற்றி அல்ல என்பது லம்போட்டின் கொள்கை. இவ்விடயத்தில் ஸ்கிரைப்பின் செல்வாக்கு அவர்பால் உண்டு.

இக்கொள்கை தொகுப்பிகளின் வளர்ச்சிக்கு எதிர்பாராத வகையில் உதவியது. ஒரு கோப்பில் எது அதிகாரம், எது அட்டவணை, எது மேற்கோட் குறிப்பு என்பது வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்குமாயின், அதனைத் தொகுப்பியும் அறிந்துகொள்ளும். அறிந்துகொண்டால் உதவவும் முடியும். லேடெக்கில் தொடக்கக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் முடிவுக் கட்டளை ஒன்று வேண்டும். அவற்றுள் ஒன்று தவறினும் செய்நிரல் நின்றுவிடும்; பல சமயங்களிற் பிழை நேர்ந்த இடத்துக்கு வெகு தொலைவிலுள்ள வரியின் எண்ணைக் காட்டும். அத்தியாயங்களுக்கிடையிலான குறுக்குக் குறிப்புகள் சரிவர அமையக் கோப்பை ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் இயக்க வேண்டும். இத்தகைய சலிப்பூட்டும் வேலைகளே தகவமைத்தலுக்குத் தூண்டுகோலாயின.

குனூ ஈமாக்ஸில் டெக் கோப்புகளுக்கான ஓர் எளிய வசதி ஆரம்பகாலத்திலேயே இருந்தது. அதனை எடுத்து விரிவாக்கியோர் டென்மார்க்கிலுள்ள ஓல்போர்க் பல்கலைக்கழக நிலையத்தைச் சேர்ந்தோராவர். லார்ஸ் பீற்றர் பிஷர், பேர் ஏப்ரஹாம்சன், கிரெஸ்ரன் கிராப் தோருப் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக இதில் ஈடுபட்டனர். 1991இல் முதன்முதலாகப் பொதுவில் வெளியிடப்பட்ட இவ்வாக்கம், அந்நிலையத்தின் முதலெழுத்துகளைத் தாங்கி ஓக்டெக் என வழங்குகின்றது. தொடக்க கட்டளையை எழுதியதும் முடிவுக் கட்டளையை அதுவே இடும். ஒரே விசையால் கோப்பை இயக்கும். பிழையுள்ள வரிக்கு எழுதுபவரை அழைத்துச் செல்லும். மீண்டும் இயக்க வேண்டுமாயின் அதனையும் நினைவூட்டும்.

ஓக்டெக்கின் தொடக்கம் பற்றிய ஒரு செய்தி நமது சிந்தனைக்குரியது. அதன் மூலவேராக பிஷர் எழுதிய முதற் கட்டளைகள் இரு வகையின: எழுத்துருவை மாற்றுவதற்கானவை ஒருவகை, டேனிய மொழிக்குச் சிறப்பாக உரிய எழுத்துகளை இடுவதற்கானவை மற்றொருவகை. அமெரிக்க விசைப்பலகையையும் ஆங்கில நெடுங்கணக்கையும் மனத்திற் கொண்டு செய்யப்பட்ட கருவியில், தமது தாய்மொழியை இலகுவாக எழுதவேண்டும் என்ற தேவையே அவரைச் செயற்படத் தூண்டியவற்றுள் ஒன்று. சிறியதொரு மொழிச் சமூகத்தின் தேவையிலிருந்து முளைத்த ஒன்று பின்னர் உலகெங்குமுள்ள லேடெக் எழுத்தாளரின் பொதுச் சொத்தாயிற்று.

பிற்கால வளர்ச்சி

வீஐ மரபும் தேங்கி நிற்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991இல் விம் என்னும் தொகுப்பியை வெளியிட்டார். அதனை விரும்பிப் பயன்படுத்துவோர் உகண்டாவிலுள்ள ஆதரவற்ற சிறுவர்களுக்கு உதவுமாறு அவர் கேட்டுக்கொண்டார். 2023இல் மறையும்வரை அதன் வளர்ச்சிக்கு அவரே தலைமை தாங்கினார். அதன் மீது லேடெக் எழுதுவோர் பல விரிவாக்கங்களை அமைத்துள்ளனர்.

1990களின் பிற்பகுதியில் வானியலாளரான கார்ஸ்ரன் டொமினிக், குறுக்குக் குறிப்புகளையும் நூற்பட்டியலையும் கையாள்வதற்கான றெப்டெக் என்னும் விரிவாக்கத்தை ஈமாக்ஸுக்கென எழுதினார். 2008இல் ஜெரோம் லோரன்ஸ் ஆக்கிய சிங்டெக், அச்சுப்பக்கத்தில் ஓரிடத்தைச் சுட்டினால் மூலக்கோப்பின் உரிய வரிக்குச் செல்லும் வழியைத் தந்தது. சரவை பார்ப்போர் தாளிலிருந்து மூலப்படிக்கும் மூலப்படியிலிருந்து தாளுக்கும் கண்ணை ஓட்டிய பழைய உழைப்பு ஒரு விசையழுத்தமாகச் சுருங்கியது. 2019இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித மாணவர் ஒருவர், விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதும் வேகத்திலேயே லேடெக்கில் குறிப்பெடுக்கத்தக்கதாக விம் தொகுப்பியைத் தாம் அமைத்துக்கொண்ட விதத்தை விளக்கி எழுதினார். இரண்டு மூன்று எழுத்துகளை அழுத்தியதும் முழுக் கணிதக் கோவையாக விரியும் சுருக்கங்களே அவருடைய முறையின் உயிர்நாடி. அது பல நாடுகளின் மாணவராலும் பின்பற்றப்பட்டது.

குனூத்தும் இதற்கு விலக்கல்லர். தாம் ஈமாக்ஸைத் தமது தேவைக்கென வகுத்த விசைக்கட்டளைகளோடு பயன்படுத்துவதாகவும், நூல் எழுதுதல் அதனால் ஓரளவு ஓர்கன் வாசிப்பது போலாகிறது எனவும் 2008இல் அளித்த நேர்காணலில் அவர் கூறினார். அவர் உண்மையிலேயே ஓர்கன் வாசிப்பவர் என்பதறிந்தோர்க்கு இவ்வொப்புமை வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

தமிழில் எழுதுவோரும் இக்கருவியும்

டெக் தோன்றிய காலத்தில் அது ஆங்கில நெடுங்கணக்கையே உள்ளீடாக ஏற்றது. தமிழை உரோம எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதி, இடையில் மற்றொரு செய்நிரலால் மாற்றிய பின்னரே தமிழெழுத்து அச்சாகும். எழுதுபவர் தாம் எழுதிய தமிழைத் தமிழாகத் திரையிற் காணவியலாத நிலை அது. 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டதாயினும், அதன் பயன் லேடெக் எழுதுவோரை அடையப் பல்லாண்டுகள் சென்றன. யொனத்தன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக், யுனிகோட் உரையை நேரடியாக ஏற்று, கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்குமாறு தமிழை அமைத்தது. ஜப்பானிய ஆய்வாளரின் பன்மொழி முயற்சி 1997இல் ஈமாக்ஸோடு இணைந்தமையால் அத்தொகுப்பியிலும் இந்திய மொழிகளுக்கு வழி திறந்தது.

இலங்கையில் நிலைமை வேறொரு வகையிற் சிக்கலானது. பாமினி முதலான எழுத்துருக்களிலேயே நமது ஆய்வேடுகளும் சஞ்சிகைகளும் நீண்டகாலம் தட்டச்சுச் செய்யப்பட்டன. அக்கோப்புகளில் உண்மையிற் சேமிக்கப்பட்டிருப்பவை உரோம எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அவை பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தோன்றும். சொல்லைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் அவற்றில் இயலாது. லேடெக் போன்ற முறைகள் கோப்பில் உள்ளதையே வாசிப்பவையாகையால், யுனிகோட்டில் எழுதப்படாத தமிழ் அவற்றின் கண்ணுக்குத் தமிழே அன்று.

யுனிகோட்டில் எழுதினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. உரை தமிழில், கட்டளைகள் ஆங்கிலத்தில். அடிக்குறிப்பு ஒன்றை இடுவதற்குத் தமிழ் விசைப்பலகையிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, கட்டளையை எழுதி, மீண்டும் தமிழுக்கு மாறி, குறிப்பை முடித்து, அடைப்பை மூட மறுபடியும் மாறவேண்டி நேரலாம். நூறு அடிக்குறிப்புகள் உள்ள ஆய்வேட்டில் இது எவ்வளவு சிந்தனையைச் சிதறடிக்கும் என்பதை அனுபவித்தோர் அறிவர். வீஐ மரபில் இடர்ப்பாடு இரட்டிப்பாகும். கட்டளை நிலையில் விசைப்பலகை தமிழில் இருக்குமாயின் ஒரு கட்டளையும் இயங்காது.

இதற்குத் தீர்வு தகவமைத்தலிலேயே உள்ளது. ஈமாக்ஸ் தனக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகளைக் கொண்டது. கணனியின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்க, எழுதும் உரை மாத்திரம் தமிழாக அமையும்; கட்டளைகளுக்குரிய விசைச் சேர்க்கைகள் பாதிக்கப்படா. விம் தொகுப்பியில் 2001இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதல், எழுதும் நிலையில் மட்டும் செயற்படும் விசைவரைவை இணைத்துக்கொள்ளலாம். றெங்கநாதன் முறையிற் பழகியவர் அம்முறைக்கேற்ற வரைவொன்றைத் தாமே ஒரு சிறு கோப்பில் எழுதிக்கொள்ள முடியும். இன்னும் ஒருபடி மேலே சென்று, அடி என எழுதி ஒரு விசையை அழுத்தினால் அடிக்குறிப்புக் கட்டளை முழுமையாக விரியுமாறும், மேற் என எழுதினால் மேற்கோட் கட்டளை விரியுமாறும் செய்யலாம். கோப்பினுள் இருப்பது உலகெங்கும் வழங்கும் லேடெக் கட்டளையே. எழுதுபவரின் கை மட்டும் தமிழை விட்டு அகலாது. டேனிய எழுத்துகளுக்காக ஓல்போர்க்கில் தொடங்கியதை ஒத்த வேலையே இது. அதற்கு வேண்டியது பெரும் செய்நிரலாக்க அறிவன்று, சில வரிகளை எழுதத் துணிவதே. மல்ரிக்ஸ் அலுவலகத்துச் செயலாளர்கள் காட்டிய துணிவு அது.

ஓர் எச்சரிக்கை

தகவமைத்தலுக்கு மறுபக்கமும் உண்டு. கருவியைத் தீட்டுவதில் காலத்தைக் கழித்து மரத்தை வெட்டாது விடும் தச்சனின் நிலை எழுதுவோருக்கும் நேரக்கூடும். குனூத்தின் வரலாறே இதற்குச் சான்று. அவரது பெருநூலின் நான்காந் தொகுதியின் முதற் பகுதி நூலுருப் பெற்றது 2011இலேயே. மூன்றாந் தொகுதி வெளிவந்து 38 ஆண்டுகளின் பின்னர். தாமதத்துக்குப் பிற காரணங்களும் உண்டெனினும் அச்சமைப்புக்கென அவர் செலவிட்ட ஆண்டுகளையும் அக்கணக்கிற் சேர்க்கவே வேண்டும். உலகம் டெக்கைப் பெற்றமையால் அவ்விழப்பு ஈடுசெய்யப்பட்டது எனலாம். ஆய்வேட்டுக்குரிய தவணை நெருங்கும் வேளையில் திரையின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அவ்வாறான ஈடு கிடைப்பதில்லை. ஒரே வேலையை மூன்றாந் தடவை கையாற் செய்ய நேரும்போது அதற்கொரு கட்டளை அமைப்பது தகும். அதற்கு முன்னர் வேண்டியதில்லை.

இரண்டாவது எச்சரிக்கை டெக்கோவின் மக்ரோக்கள் தந்த பாடமாகும். தனக்கு மட்டுமே விளங்கும் வகையில் அமைத்துக்கொள்ளும் கருவி, அமைத்தவனைத் தனிமைப்படுத்தும். தாம் கண்ட வழியைப் பிறர் பயன்கொள்ளுமாறு பொதுவில் வைக்கும்போதே தகவமைத்தல் சமூகப் பயனை எய்துகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உரைத்தொகுப்பியின் வரலாறு மேதைகள் சிலரின் கண்டுபிடிப்பு வரலாறு மாத்திரமன்று என்பது புலனாகும். மந்தமான தொலைபேசித் தொடர்பு, திருப்தியளிக்காத சரவைத்தாள், விசைப்பலகையில் இடம்பெறாத எழுத்து என்பனபோன்ற அன்றாட இடையூறுகளே ஒவ்வொரு மாற்றத்தையும் தூண்டின. அவ்விடையூறுகளை எழுதியவர்கள் தாமே நீக்கிக்கொள்ள முடிந்தமைக்குக் காரணம், கருவி அவர்களுக்குத் திறந்திருந்தமையும் அறிவு பகிரப்பட்டமையுமாகும்.

தமிழ்மூலம் உயர்கல்வி பயிலும் நாம் பிறர் செய்து தந்த கருவிகளைப் பிறர் வகுத்த முறையிலேயே பயன்படுத்தப் பழகியுள்ளோம். தமிழ் அதிற் சரிவர அமையாதபோது தமிழையே குறைகூறி ஆங்கிலத்துக்கு மாறுவோரும் நம்மிடையே உளர். குறை மொழியில் இல்லை; திறந்திருக்கும் கருவியைத் திறந்து பாராத நம்மிடமே உள்ளது. நமது பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிகளுக்கு அமைந்த தமிழ் லேடெக் அமைப்பொன்றும், அதனை எழுதத் துணைபுரியும் தொகுப்பி விரிவாக்கமொன்றும் மாணவர் சிலர் கூடி ஒரு தவணைக்குள் செய்துமுடிக்கத்தக்க பணிகள். அடுத்து வரும் மாணவரின் கையில் அதனை ஒப்படைத்துச் செல்வதே, பொதுக்கிணற்றில் நீர் அள்ளியவர்கள் செய்யவேண்டிய கைம்மாறாகும்.